முதல் கூவலுக்கு வந்த பதில்

பேய் பிசாசுல எனக்குப் பயம் கெடையாது. மத்த எல்லாத்துலயும் உண்டு. படுத்தா கேஸ் அடைச்சோமான்னு எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன், பஸ்சுல ஏறுனா டிரைவரு தூங்கிருவாரோன்னு அவரு பின்மண்டையவே பாத்துக்கிட்டு வருவேன், தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா அடிச்சு ஓயுற வரைக்கும் எடுக்காமப் பாத்துக்கிட்டே இருப்பேன். இத்தனை பயத்த வச்சுக்கிட்டு பேய்க்கு எங்க எடம் குடுக்குறது? அதெல்லாம் சோலி இல்லாதவங்க பயப்படுற விசயம்னு நெனச்சவன் நான். டீக்கடையில யாராவது முனி அடிச்ச கதைய ஆரம்பிச்சா டம்ளர வச்சுட்டு எந்திரிச்சு வந்துருவேன். அதனால இதப் படிச்சுட்டு நீங்க சிரிச்சா எனக்குக் கோவம் வராது. உங்க எடத்துல இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

நான் ஒம்பதாப்போட பள்ளிக்கூடத்த விட்டவன். செல்போன் கடையில ரிப்பேர் பாத்து, அப்புறம் வீடியோ பாத்துப் பாத்து வெப்சைட் செய்யப் பழகிக்கிட்டேன். போடியில ஒரு மாடி ரூம்புல ஒக்காந்து லாட்ஜு, கல்யாண மண்டபம், ஏலக்காய்க் கமிசன் கடைன்னு யாரு கேட்டாலும் செஞ்சு குடுப்பேன். இங்கிலீசு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எரர் மட்டும் வேகமாப் படிப்பேன், பயந்தவனுக்கு அது தானா வந்துரும்.

என் வீட்டுக்காரி ஈஸ்வரி ஏலத்தோட்டத்துக்குப் போறவ. விடியுமுன்ன ஜீப்பு ஏறி, மலை அடிவாரத்து முந்தல் தாண்டி, வளைவு வளைவா மேல போயி, மலை உச்சி மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற தோட்டத்துல காய் எடுத்துட்டு பொழுது சாய எறங்கி வருவா. ஏலச்செடி பாக்காதவங்களுக்குச் சொல்றேன், அது ஆள விட ஒசரம். ரெண்டு வரிசை தள்ளி நிக்கிற ஆளு தெரியாது. மூடுபனி எறங்குச்சுன்னா பக்கத்து வரிசையே தெரியாது. அதனால வேலை முடிஞ்சா கங்காணி மேட்டுல நின்னு கூவுவாரு. காட்டுக்குள்ள யாரும் யார் பேரையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது, "கூ...."ன்னு நீட்டி மூணு கூவல், அம்புட்டுத்தான். மூணாவது கூவலுக்குத்தான் பொம்பளைங்க பதிலுக்குக் கூவணும். அதுக்கு முன்னால வாயத் தெறக்கக் கூடாது.

ஏன்னு ஈஸ்வரிகிட்ட கேட்டேன்.

"மொதக் கூவல் எது வேணா கூவும். ரெண்டாவதும் கூவும். மூணு தடவ கூப்பிடுற பொறுமை மனுசனுக்குத்தான் உண்டு."

"நான் நாலு தடவ கூப்பிட்டாலும் நீ அடுப்படிய விட்டு வர்றதில்லையே."

"அது வேற. நீங்க எதுக்குக் கூப்பிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கேஸ அடைச்சியான்னு கேப்பீங்க."

பக்கத்துத் தோட்டத்துல ஒரு தடவ ஒரு அம்மாவ மேலயே விட்டுட்டு ஜீப்பு எறங்கி வந்துருச்சு. மறுநாள் தேடிப் போனப்ப உசுரோட கெடச்சாங்க, கெடச்சது அவங்க நல்ல காலம். அதுக்கப்புறம் ஈஸ்வரி வேலை பாக்குற தோட்டத்து முதலாளி என்னையக் கூப்பிட்டு, தலை எண்ண ஒரு ஏற்பாடு செஞ்சு குடுப்பான்னாரு. நான் செஞ்சது இதுதான். ஒவ்வொருத்தர் கழுத்துலயும் கயித்துல ஒரு சின்னப் பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நம்பர். மூணாவது கூவலுக்கு வாயால கூவுறப்பயே பட்டனையும் அமுக்கணும். அத வாங்குறதுக்கு ரெண்டு ஏரியல், ஒண்ணு ஸ்டோர் கூரையில, இன்னொண்ணு தோட்டத்துக்கு மேல நிக்கிற மேல்பாறையில. ஸ்டோர்னா பச்சைக்காயக் காய வைக்கிற கட்டடம். அங்க இருக்குற கம்ப்யூட்டர்ல என்னோட வெப்சைட் ஓடும். கங்காணி ஒவ்வொரு கூவலுக்கும் போன ஒரு தட்டு தட்டுவாரு, அதுல ஒரு வட்டம் தெரியும். காலையில மேல போன அத்தனை பேரும் பதில் சொல்லிட்டா வட்டம் பச்சையாயிரும், ஜீப்ப எடுக்கலாம். ஒரு ஆளு கொறைஞ்சாலும் செவப்பு.

பேரு காட்டுற மாதிரிதான் மொதல்ல செஞ்சேன். பொம்பளைங்க ஒத்துக்கல. "தம்பி, பேர மட்டும் அதுல போட்றாத, காட்டுக்குள்ள வச்சுப் படிக்கிறதும் சொல்றதும் ஒண்ணுதான்"னுட்டாங்க. சரி, எண்ணிக்கை மட்டும்னு மாத்திக் குடுத்தேன். பட்டனக் கழுத்துல மாட்டுன அன்னைக்கு ஒரே சிரிப்பு. "ரெண்டாவது தாலிடி"ன்னு ஒருத்தி சொல்ல, "மொதத் தாலி கட்டுனவன் நம்மளத் தேட மாட்டான், இதாவது தேடட்டும்"னு இன்னொருத்தி.

ரெண்டு வருசத்துக்குப் பக்கமா ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு. அப்புறம் முதலாளி காய் காய வைக்கிறதுக்குப் புதுசா ஒரு மெசின் வாங்கிப் போட்டாரு. அந்த மெசினோட வந்த சாப்ட்வேருதான் பிரச்சனை. பிஎச்பின்னு ஒரு மொழி, நான் எழுதுனது அதோட ஏழாம் வெர்ஷன்ல. அவங்களோடது எட்டு இல்லாம ஓடாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டலாம், ஆனா அந்தப் பாவப்பட்ட கம்ப்யூட்டருக்கு அம்புட்டுத் தெம்பு இல்ல. சரி, என்னோடதையும் எட்டுக்கு மாத்திருவோம்னு ஆடி மாசச் சாரல்ல ஒரு நாள் ஈஸ்வரியோடயே ஜீப்புல கெளம்புனேன். ஜீப்பு ஓட்டுறது காஜா அண்ணே, போடிக்காரரு. வழியெல்லாம் நான் கம்பியப் பிடிச்ச பிடிய விடல.

"தம்பி, கம்பிய ஒடச்சுக் கையோட கொண்டு போயிராத, சாயங்காலம் எறங்குறப்பயும் வேணும்"னாரு.

காலையில இருந்து ஸ்டோர்ல ஒக்காந்து எரர் பாத்தேன். ஏழாம் வெர்ஷன் சின்னத் தப்புக்கெல்லாம் முணுமுணுத்துட்டு விட்டுரும். எட்டு அப்படியில்ல, அந்த எடத்துலயே நின்னுரும். ஒண்ணச் சரி பண்ணுனா அடுத்தது வந்து நிக்கும். சில வார்த்தையே எட்டுல கெடையாது, எடுத்துட்டாங்க. வெளிய மழ, உள்ள காயுற ஏலக்காய் வாசம், செவப்பு எழுத்து. மத்தியானம் சோத்துக்கு முன்னால எல்லா எரரும் அடங்கிருச்சு. கங்காணி ராசு மாமா தன் பட்டன அமுக்கிப் பாத்தாரு, எண்ணிக்கை ஒண்ணு ஏறுச்சு. "சாரே, கலக்கிட்டிய"ன்னாரு. மலையாளம் பேசுற மேல்பக்கத்துல ரொம்ப வருசம் இருந்ததால அவருக்கு எல்லாருமே சாரேதான். எனக்கு மட்டும் எதையோ கவனிக்காம விட்டுட்டோம்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. ஆனா எனக்கு எப்பத்தான் அப்படித் தோணல, அதனால அத நான் கணக்குல எடுத்துக்கல.

சாயங்காலத்துக்கு முன்னாடியே பனி எறங்கிருச்சு. ஸ்டோர் வாசல்ல நின்னா நிறுத்தியிருக்குற ஜீப்பு தெரியல. மழையும் வலுத்துச்சு. வளைவுல எறங்க முடியாமப் போயிரும்னு ராசு மாமா வேலைய நிறுத்தச் சொல்லி மேட்டுக்குப் போனாரு. நானும் போன் திரையப் பாக்கணும்னு கூடவே போயி நின்னேன்.

மொதக் கூவல் கூவுனாரு. போன்ல எண்ணிக்கை ஒண்ணு ஏறுச்சு.

"யாரோ அவசரக்காரி அமுக்கிட்டா மாமா"ன்னேன்.

அவரு என்னையப் பாத்தாரு. ரெண்டாவது கூவுனாரு, ஒண்ணும் வரல. மூணாவது கூவுனப்ப செடிக்குள்ள இருந்து அங்கயும் இங்கயுமா பதில் குரல் வந்துச்சு, எண்ணிக்கை மளமளன்னு ஏறி வட்டம் பச்சையாச்சு.

அந்தத் தோட்டத்துக்கு ரெண்டு ஜீப்பு. மேல இருக்குறவங்க ஸ்டோருக்கு வந்து காஜா அண்ணே வண்டியில ஏறுவாங்க, கீழ ஓடைப்பக்கம் வேலை பாக்குறவங்க கீழ்க்கேட்டுல நிக்கிற இன்னொரு வண்டியில ஏறுவாங்க. பொம்பளைங்க சாக்கத் தலையில போட்டுக்கிட்டு ஓடி வந்து ஏறுனாங்க. ஈஸ்வரி இல்ல. "அவ ஓடைப்பக்கம்தான் இருந்தா, கீழ்க்கேட்டு வண்டியில ஏறியிருப்பா"ன்னாங்க. அந்த வண்டி டிரைவருக்குப் போன் போகல. அந்த எடத்துல எப்பவும் டவர் கெடைக்காது. கீழ்க்கேட்டுல ஒரு லைட்டும் போட்டு விட்டிருந்தேன், அதுல பச்சை விழுந்த ஒடனே அந்த வண்டி கெளம்பிரும்.

"பச்சை எரியுதேப்பா, பெறகென்ன? வெரசா ஏறு. இன்னும் செத்த நேரம் நின்னா எனக்கு ரோடு தெரியாது"ன்னாரு காஜா அண்ணே.

அவரு சொன்னது சரிதான். நானும் ஒரு கால ஜீப்புல வச்சுட்டேன். ஆனா அந்த மொதக் கூவலுக்கு ஏறுன ஒண்ணு என்னைய விடல. இத்தனை நாள்ல அப்படி ஏறி நான் பாத்ததே இல்லயே, இன்னைக்குப் பாத்து ஏன்? "அண்ணே, ஒரே நிமிசம்"னுட்டு உள்ள ஓடிப் போயி, கம்ப்யூட்டர்ல பட்டன் பதிலெல்லாம் விழுகுற எடத்தத் தெறந்தேன். ஒவ்வொரு வரியிலயும் பட்டன் நம்பர், எத்தனையாவது கூவல், எந்த ஏரியல்னு இருக்கும். ஈஸ்வரி நம்பர் எனக்கு மனப்பாடம். அது இல்ல. எல்லாத்துக்கும் மேல ஒரு வரி இருந்துச்சு. மொதக் கூவல், மேல்பாறை ஏரியல். நம்பர் இருக்க வேண்டிய எடம் காலி.

இத எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல, சொல்லிப் பாக்குறேன். ஏரியல் தன்னத் தானே சோதிச்சுக்கிறப்ப பட்டன் நம்பர் எடத்துல சைபர் போட்டு அனுப்பும். அத ஆளா எண்ணிறக் கூடாதுன்னு, 'நம்பர் சைபரா இருந்தா தள்ளிரு'ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். ஏழாம் வெர்ஷனுக்கு சைபரும் ஒண்ணுமே எழுதாத காலியும் ஒண்ணு. எட்டுல அத மாத்திட்டாங்க, சைபர் வேற, காலி வேற. எரர் வராது, ஒரு முணுமுணுப்பும் இருக்காது, கமுக்கமா வேற பதில் சொல்லும். அதனால காலி நம்பர்ல வந்தத எட்டு தள்ளல. அதையும் ஒரு ஆளா எண்ணிருச்சு.

பழைய வெர்ஷன நான் அழிக்கல, ஒதுக்கித்தான் வச்சிருந்தேன். அத மாட்டி, அதே வரிகளக் குடுத்தேன். வட்டம் செவப்பாச்சு. ஒரு ஆளு கொறையுது.

வெளிய வந்து கத்துனேன். ஜீப்புல இருந்த பொம்பளைங்க எறங்கிட்டாங்க, யாரும் போகணும்னு சொல்லல. காஜா அண்ணே வண்டிய அணைச்சுட்டு ஹெட்லைட்ட மட்டும் போட்டு விட்டாரு. ராசு மாமாகிட்ட மேல்பாறையில இருந்து ஒரு பதில் வந்திருக்குன்னு காட்டுனேன். எனக்கு அப்பத் தோணுனது ஒண்ணே ஒண்ணுதான், ஈஸ்வரி வழி தப்பி மேல போயிட்டா, பட்டன் நனைஞ்சு நம்பர் இல்லாமப் போயிருச்சு, ஆனா அமுக்கியிருக்கா, அங்கதான் இருக்கா. நான் மேல்பாறைத் தடத்துல ஏற ஆரம்பிச்சேன். அவரு என் சட்டைய எட்டிப் பிடிச்சாரு.

"எந்தக் கூவலுக்கு வந்துச்சு?"

"மொதக் கூவலுக்கு. விடுங்க மாமா."

"மொதக் கூவலுக்கு ஈஸ்வரி பதில் சொல்லுவாளா? ஒன் பொண்டாட்டி தானடா, நீயே சொல்லு."

நான் நின்னேன். அந்த நேரத்துல எனக்கு சாமியும் ஞாபகத்துல இல்ல, பேயும் இல்ல. எங்க வீட்டு அடுப்படிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. செத்தாலும் சொல்ல மாட்டா. அவ புத்தி எனக்குத் தெரியும், ஒண்ணப் பிடிச்சா விட மாட்டா. மேல்பாறையில இருக்குறது எதுவா இருந்தாலும் அது ஈஸ்வரி இல்ல.

கீழ ஓடைக்கு எறங்குனோம். பொம்பளைங்க ஒருத்தர் சேலைய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு வரிசையா வந்தாங்க. ஓடை எரைச்சல் பக்கத்துல போகப் போக காத அடைச்சுச்சு, அங்க நின்னா மேட்டுல கூவுறது எப்படிக் கேக்கும்னு அப்பத்தான் எனக்கு ஒரைச்சுச்சு. ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு கால் மாட்டி, இடுப்பு வரைக்கும் தண்ணியில ஒக்காந்திருந்தா ஈஸ்வரி. ஒதடு நீலமா இருந்துச்சு. ஒரு கையால பாறையப் பிடிச்சிருந்தா, இன்னொரு கை கழுத்துப் பட்டன் மேல இருந்துச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. காஜா அண்ணே ஜீப்புல இருந்து கடப்பாறையக் கொண்டாந்து பாறைய நெம்புனாரு. நாங்க இழுத்தோம்.

ஜீப்புல என் மடியில தலைய வச்சுப் படுத்திருந்தா. பயம் போயி எனக்குக் கோவம் வந்துருச்சு. "கையில பட்டன் இருக்குல்ல, அமுக்குறதுக்கென்ன?"ன்னு கத்திட்டேன்.

"கூவுனத எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு கூவல்தான் வந்துச்சு. மூணாவதுக்கு அமுக்கலாம்னு கைய வச்சுக்கிட்டே இருந்தேன், வரல."

"ஓடைச் சத்தத்துல ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு? மாமா மேட்டுல நின்னுல்ல கூவுனாரு."

"மாமா இல்ல. பக்கத்துல கேட்ட மாதிரி, மேல்பாறைப் பக்கமிருந்து. உங்க கொரலு மாதிரியே இருந்துச்சு." என் கையப் பிடிச்சுக்கிட்டே சொன்னா, "நீங்க எங்க கூவியிருக்கப் போறீங்க, உங்களுக்குக் கூவத் தெரியாதுல்ல."

நான் கூவல. சத்தியமாச் சொல்றேன், நான் வாயத் தெறந்து ஒரு கூவல் கூவல. முன்னால ஒக்காந்திருந்த ராசு மாமா திரும்பவே இல்ல. காஜா அண்ணே வாய்க்குள்ள எதையோ ஓதிக்கிட்டே வண்டிய எறக்குனாரு.

ஜீப்புலயே அவ பட்டன வாங்கிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. மறுபடி ஒரு நாள் மேல போனப்ப அத அமுக்கியும் பாத்தேன், நம்பரோடதான் வந்துச்சு. அன்னைக்கே ராசு மாமா கூட்டிட்டுப் போயி மேல்பாறைக்குப் போற தடத்தக் காட்டுனாரு. நான் ஏற ஆரம்பிச்ச தடம்தான். மழையில பாதிக்கு மேல சரிஞ்சு கீழ பள்ளத்துல கெடந்துச்சு. ஈஸ்வரி மாட்டிக்கிட்ட அன்னைக்குச் சாயங்காலமே சரிஞ்சுச்சா, அப்புறமாச் சரிஞ்சுச்சான்னு யாருக்கும் தெரியாது.

பட்டன் வித்தவருகிட்ட கேட்டேன். ஈரம் ஏறுனா, பேட்டரி எறங்குனா இப்படிக் காலியா வரும் தம்பின்னாரு. இருக்கலாம். எல்லாப் பட்டனையும் மாத்துனேன், சுத்துவழியாப் போயி மேல்பாறை ஏரியலயும் மாத்துனேன். எட்டாம் வெர்ஷன்லயே, 'காலியா இருந்தாலும் தள்ளிரு'ன்னு ஒரு வரி சேத்துட்டேன். எண்ணிக்கை இப்ப சுத்தமா வருது. அந்தத் தைரியத்துலதான் கால் சரியானதும் ஈஸ்வரி மறுபடி வேலைக்குப் போறா. போக வேணாம்னு சொல்லிப் பாத்தேன். "வீட்டுல ஒக்காந்து உங்களையா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க"ன்னுட்டா.

அப்புறம் ஒரு நாள் பழைய பதிலயெல்லாம் தோண்டிப் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம். பட்டன் மாட்டுன மொத நாள்ல இருந்து அந்தக் காலி வரி இருக்கு. தெனமும். மொதக் கூவலுக்கு. பழைய வெர்ஷன் சத்தமில்லாமத் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு, அதனால என் கண்ணுல படல. ஈரம்னா எப்ப வேணா வரணும்ல, ஏன் கூவுனதும் மட்டும் வரணும்? தோட்டம் லீவு விட்ட நாள்ல வரல. கூவ ஆளில்லாத நாள்ல அது பேசல.

இத எழுதலாம்னு நான் ஒக்காந்ததுக்குக் காரணம் வேற. ஈஸ்வரி மாட்டிக்கிட்ட அந்த நாளுக்கு அப்புறம் அது மொதக் கூவலுக்கு வர்றதில்ல. கொஞ்ச நாள் ரெண்டாவதுக்கு வந்துச்சு. இப்ப மூணாவதுக்கு வருது, பொம்பளைங்க பட்டனுக்கு நடுவுல, அவங்கள்ல ஒருத்தி மாதிரி. நம்பர் மட்டும் இன்னும் காலி. அந்தக் காலிய வச்சுத்தான் நான் அதத் தள்ளிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கும் விடியுமுன்ன ஈஸ்வரி ஜீப்பு ஏறிட்டா. நான் இத இன்னும் அவகிட்ட சொல்லல.